14 மாதம் பழகிய வார்ப்பிரும்பு வாணலி

இந்த 26 செ.மீ. வார்ப்பிரும்பு வாணலியை வாங்க வைத்தது, இதற்கு முன்பு இருந்த நான்ஸ்டிக் வாணலிதான். ஒருநாள் காலை அதை வெறுமையாகப் பெரிய தீயில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தால் சமையலறை முழுக்க மூக்கை அரிக்கிற நெடி. டெஃப்லான் என்று நாம் சொல்லும் அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். இன்னும் சூடேறினால் வரும் புகை நமக்கே காய்ச்சலைத் தரும், கூண்டுப் பறவைகளைக் கொன்றேவிடும். அடுத்த அறையில் எங்கள் லவ்பேர்ட்ஸ் இரண்டு. நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது. அன்றைக்குப் பயந்த பயம் இன்னும் போகவில்லை.

வார்ப்பிரும்பில் அந்தப் பயம் இல்லை. இதற்கு நாமே ஏற்றுகிற எண்ணெய்ப் படலம்தான் பூச்சு. 'ஏற்கெனவே பழக்கியது' என்று அட்டையில் போட்டிருந்தார்கள்; ஆனால் முதல் இரண்டு வாரம் முட்டை ஒட்டிக்கொண்டே இருந்தது. சரி, நாமே பழக்குவோம் என்று எண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சூடாக்கினேன். பிசுபிசுவென்று ஆகிவிட்டது, தேய்த்து எடுக்க அரைநாள் போனது. தடவியது தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, லேசாகப் புகையும்வரை காயவிட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்படி நாலைந்து முறை செய்தபிறகு கறுப்பாக மினுமினுப்பு ஏறியது. இப்போது முட்டை வழுக்கிக்கொண்டு வருகிறது.

சோப்பே படக்கூடாது என்பார்கள். பாத்திரம் கழுவும் சாதாரணச் சோப்பை நான் தினமும்தான் போடுகிறேன், படலம் போகவில்லை. ஊறப்போடுவதுதான் ஆகாது. ஓர் இரவு தண்ணீரோடு விட்டேன், காலையில் செந்நிறத் துரு. கழுவியதும் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கிவிடுங்கள். தக்காளி மாதிரிப் புளிப்பானதை இதில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் படலம் கரையும், சாப்பாட்டில் இரும்பு வாடை வரும். அதற்கு எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறது.

குறை என்றால் எடைதான். இரண்டரைக் கிலோ. பிடியும் ஒரே வார்ப்பு என்பதால் அதுவும் சுடும். கரித்துணி இல்லாமல் கை வைக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம், ஆறவிட்டுக் கழுவுங்கள்.

அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, இதை ஒரு கையால் தூக்க முடியவில்லை. அவருக்குச் சின்னதாக ஒரு நான்ஸ்டிக் வாங்கியிருக்கிறேன். சின்னத் தீ, மரக்கரண்டி, எண்ணெய் விட்ட பிறகே அடுப்பு. அப்புறம், வார்ப்பிரும்பில் எதிர்ப்பக்கம் சிறிய துணைப்பிடி உள்ளதும் வருகிறது. என்னுடையதில் அது இல்லை. நீங்கள் வாங்கினால் பிடி உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.