கிரியேட்டினின் 1.8-உடன் மதுரைக்கு

சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். மாத்திரை தீர்ந்தால் மதுரையில் வாங்கிக்கொள்ளலாம். ஆறேழு வருடக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனக்கு வயது 54, நோய் 3பி நிலை, அதாவது சிறுநீரகம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது. கால் வீக்கம் இல்லை, டயாலிசிஸ் இல்லை, என்னைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். இங்கிலாந்திலிருந்து இந்த நிலையில் வந்துபோகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லேப் சேவைக்குத் தாராளமாக மார்க் போடலாம். காலை ஆறரைக்கே பையன் வாசலில் நின்றான், மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது. அதைப் படிப்பதில்தான் சிக்கல். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "போன தடவை நூத்தம்பத்தொன்பதுன்னு சொன்னே, இப்ப ஒண்ணு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கான். சரியாயிடுச்சாடா?" என்றாள். அவள் சொன்னது கிரியேட்டினினை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சோர்கிறது என்று பொருள். இரண்டு எண்ணும் ஒன்றுதான். அங்கே மைக்ரோமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. அந்த எண்ணை 88.4-ஆல் வகுத்தால் இந்த எண் வந்துவிடும்.

"கிட்னி பேக்கேஜ்" என்று வாங்கினால் யூரியா, யூரிக் ஆசிட், கிரியேட்டினின் எல்லாம் வருகிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் எனக்குக் கிடைத்ததில் இல்லை. அந்த எண் குறையக் குறைய நிலைமை மோசம். வயதையும் கிரியேட்டினினையும் வைத்துப் போட்டுப் பார்த்தால் 44 வந்தது. சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்று சொல்லும் ஏசிஆர் பரிசோதனையும் அதில் கிடையாது, தனியாகக் கேட்டு வாங்கினேன். நோய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதில் இஜிஎஃப்ஆருக்குச் சமமான சாட்சி அது. அங்கே ஏசிஆர் 30 என்றால் கவலைப்பட வேண்டிய அளவு, இங்கே 30 என்றால் அதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். அலகைப் பார்க்காமல் பதறவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

சிறுநீரக டாக்டர் மாலையில்தான் பார்ப்பார். டோக்கன் போட்டு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பதாகிவிட்டது. உள்ளே பத்து நிமிடம் கிடைத்திருக்கும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் எனக்கே. என் ரிப்போர்ட்டுகளை வாங்கி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வருடத்தையும் இஜிஎஃப்ஆரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். "டயாலிசிஸ் எப்ப வரும் டாக்டர்?" என்றேன். "வந்தே தீரும்னு யார் சொன்னா?" என்றார்.

இஜிஎஃப்ஆர் முன்பு வருடத்துக்கு நாலு புள்ளி இறங்கிக்கொண்டிருந்தது, சிறுநீரகத்தைக் காக்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையைச் சேர்த்தபின் இரண்டாகக் குறைந்திருக்கிறது. மாத்திரை தொடங்கிய மாதம் சட்டென்று விழுந்த மூன்றைச் சுட்டி, அது அந்த மருந்தின் குணம், நஷ்டக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றார். இதே வேகத்தில் போனால் 15-ஐத் தொடவே பதினாலு வருடத்துக்கு மேல் ஆகும். டயாலிசிஸ் பேச்செல்லாம் பெரும்பாலும் அதற்கும் கீழே இறங்கிய பிறகுதான். மூன்றாம் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதே இல்லையாம். சிறுநீரகத்தைவிட இதயம்தான் முதலில் தொல்லை கொடுக்கும், அதனால் பிரஷரையும் கொழுப்பையும் விட்டுவிடாதீர்கள் என்றார். அங்கே எனக்கு யாரும் இதை இப்படி வரிசை போட்டுக் காட்டியதில்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் எல்லா எண்ணும் இருக்கத்தான் செய்கிறது.

அந்த எண்கள் காட்டும் கோடு எப்போதும் நேராகவே போகும் என்று நம்பிவிடக் கூடாது. ஊருக்கு வந்தவனுக்கு ஒரு நல்ல வயிற்றுப்போக்கு போதும், அதைக் கவிழ்த்துவிட. வாந்தி, பேதி என்றால் டாபாகிளிஃப்ளோசினையும் பிரஷருக்கான ராமிப்ரிலையும் அந்த நாட்களில் நிறுத்தி, சாப்பாடு ஒழுங்காக இறங்கி ஓரிரு நாள் கழித்துத் தொடங்கச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சாப்பிடுவதில் எதை நிறுத்துவது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்த ஆபத்து மருந்துக்கடை. முழங்கால் வலி என்று ஒரு கடையில் சொன்னதும், சீட்டுகூடக் கேட்காமல், சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் அட்டையை வெட்டி நீட்டினார்கள். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது என்றதும், "ரெண்டு நாளைக்குத்தான சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில். பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு வந்தேன். சொந்தக்காரர்களின் அன்பு இன்னொரு பக்கம். நெருஞ்சில் கஷாயம் கல்லைக் கரைக்கும் என்கிறார்கள். எனக்குக் கல்லே இல்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். என் பொட்டாசியம் ஏற்கனவே கொஞ்சம் கூடுதலாக 5.2 இருப்பதால் அதையும் கும்பிட்டு மறுத்தேன்.

சிவகங்கைப் பக்கம் பெரியப்பா மகன் இருக்கிறார், எனக்கு அண்ணன் முறை. அவருக்கு வயிற்று வழி டயாலிசிஸ். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. ஜன்னல் கம்பியில் பையை மாட்டி, கையைச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவி, பழைய திரவத்தை வடித்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கியிருந்தால் தொற்று, உடனே ஆஸ்பத்திரி. தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு லிட்டர் உள்ளே போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "மோட்டார் போட்டுட்டு வந்துர்றேன், நீ சாப்பிடு" என்று வயலுக்குக் கிளம்பிவிட்டார். என்னைவிட அவர்தான் சுறுசுறுப்பு.

ரத்த டயாலிசிஸில் இருப்பவர்கள் வருவதாக இருந்தால் ஊரில் உள்ள மையத்தில் பல வாரங்களுக்கு முன்பே இடம் சொல்லிவைக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ரிப்போர்ட்டுகளைக் கேட்பார்கள். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் இங்கே உண்டு. புதிதுதான் வேண்டும் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். திரும்பிப் போனதும் தொற்று எதுவும் வந்திருக்கிறதா என்று பார்க்க உங்கள் யூனிட்டில் சில வாரங்கள் கூடுதல் ரத்தப் பரிசோதனை இருக்கும், தனி மெஷினிலும் போடலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருந்தால் பயண நாட்களில் பட்டியலில் உங்களை நிறுத்திவைப்பார்கள். திரும்பியதும் பெயர் மறுபடி சேர்ந்துவிட்டதா என்று நீங்களே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.