ஸ்க்ரமா, கான்பானா? வேலை வரும் வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

‘அஜைலுக்கு மாறுகிறோம்’, அதாவது வேலையைச் சிறு சிறு துண்டுகளாக முடித்துத் தரப்போகிறோம், என்று சொல்லும் மென்பொருள் டீம்களில் பெரும்பாலானவை மாறுவது ஸ்க்ரமுக்குத்தான்: ‘ஸ்பிரிண்ட்’ எனும் நிலையான காலக்கட்டங்களாக, பெரும்பாலும் இரண்டு வாரமாக, திட்டமிட்டு வேலை செய்யும் முறை அது. வேலைகளைப் பலகையில் வைத்து, ஒரே நேரத்தில் எடுப்பதற்கு வரம்பு போடும் கான்பான் என்று ஒன்று இருப்பது, நாலைந்து ஸ்பிரிண்ட் சொதப்பிய பிறகே நினைவுக்கு வருகிறது. முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த இரண்டு வாரத்துக்கான வேலை இன்றே கையில் இருக்கிறதா, இல்லை தினமும் புதிதாக வந்து விழுமா?

ஸ்க்ரமுக்கு ஒரு விலை உண்டு. 2020ஆம் ஆண்டின் ஸ்க்ரம் கையேட்டில் ஒரு மாத ஸ்பிரிண்டுக்கான உச்சவரம்பு: திட்டமிடல் 8 மணி நேரம், ரிவ்யூ (முடித்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம்) 4, ரெட்ரோ (வேலை செய்த விதத்தை அலசும் கூட்டம்) 3. இரண்டு வாரத்துக்கு இதில் பாதி வைத்தால் ஏழரை மணி நேரம். தினமும் நடக்கும் 15 நிமிட ஸ்டாண்டப் கூட்டம் பத்து நாளுக்கு இரண்டரை. ஆக ஆளுக்கு 10 மணி நேரம், அதாவது 80 மணி நேர உழைப்பில் எட்டில் ஒரு பங்கு. ஸ்பிரிண்ட் இலக்கு கலையாமல் இருந்தால் இது நியாயமான விலைதான். புரொடக்ஷன் பிழைகள் (பயன்பாட்டில் உள்ள மென்பொருளில் வருபவை) நடுவில் புகுந்துகொண்டே இருந்தால், திட்டமிடலுக்குச் செலவழித்த நேரம் வீண்.

இன்னொரு கோளாறு, இரண்டு வாரத்துக்குள் ஒளிந்திருக்கும் குட்டி வாட்டர்ஃபால் (ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கும் பழைய முறை). எட்டாவது நாள் வரை கோடிங், கடைசி இரண்டு நாளில் எல்லாம் டெஸ்டர் தலையில். முடியாத ஸ்டோரி (பயனருக்கான ஒரு சிறு வேலை) அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தாவும். ஸ்டோரிகளை இரண்டு மூன்று நாளில் முடியும் அளவுக்கு உடைக்காதவரை இது தீராது. ஸ்டோரியின் அளவைப் பாயின்ட்டில் மதிப்பிடுவார்கள்; ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயின்ட்டுகளின் கூட்டுத்தொகையான வெலாசிட்டியை மேலாளர் இலக்காக வைத்துவிட்டாலோ, நேற்று 3 பாயின்ட் பெற்ற வேலை இன்று 5 ஆகிவிடும். எண் ஏறும், ரிலீஸ் ஏறாது.

கான்பானில் ஸ்பிரிண்ட் இல்லை, பாயின்ட்டும் கட்டாயமில்லை. அதன் உயிர், ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கான வரம்பு. சராசரியாக ஒரு டிக்கெட் (பலகையில் உள்ள ஒரு வேலை) முடிய ஆகும் காலம் = கையில் உள்ள டிக்கெட்டுகள் ÷ வாரத்துக்கு முடிபவை. 12 டிக்கெட் திறந்திருந்து வாரத்துக்கு 3 முடிந்தால் 4 வாரம். முடிக்கும் வேகம் குறையாமல், திறந்திருப்பதை 6 ஆக்கினால் 2 வாரம். ஆறு பேர் கொண்ட டீமுக்கு உருவாக்கம் 3, கோட் ரிவ்யூ 2, டெஸ்டிங் 2 என்று வரம்பு வைத்துத் தொடங்கலாம். டெஸ்டிங் நிரம்பிவிட்டால் டெவலப்பர் புது டிக்கெட்டை இழுக்கக் கூடாது. டெஸ்டிங்குக்குக் கைகொடுக்க வேண்டும். டெவலப்பர் சும்மா இருப்பதுபோலத் தெரிவதைச் சகிக்காத மேலாளர் ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று வரம்பை ஏற்றுவார். அன்றோடு கான்பான் முடிந்தது. மிச்சம் வெறும் பலகை. ‘பிளாக்டு’ (தடைபட்டு நிற்பவை) என்று வரம்பில்லாத ஒரு நெடுவரிசையைப் பலகையில் சேர்ப்பதும் இதே ஏமாற்றுதான். அவசர வேலைகளுக்கான தனிப் பாதைக்கும் வரம்பு 1 வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே அவசரமாகிவிடும்.

மென்பொருளில் இந்த வழியின் ஆரம்பகால உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2004 வாக்கில், மைக்ரோசாஃப்ட்டின் உள் மென்பொருள்களைப் பராமரித்த ஹைதராபாத் டீம் ஒன்றில், வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உடனே மதிப்பீடு கொடுப்பதே உழைப்பில் கணிசமான பகுதியைத் தின்றது. மென்பொருளுக்குக் கான்பானைக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சனின் யோசனைப்படி மதிப்பீட்டை நிறுத்தி, வரிசையின் நீளத்துக்கு வரம்பு போட்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த வேலைகள் வாரக்கணக்கில் முடியத் தொடங்கின.

கான்பானின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். அதில் ரெட்ரோவுக்கோ ரிவ்யூவுக்கோ தானாக வரும் தேதி கிடையாது. நாமே குறித்துவைக்காவிட்டால் இரண்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். புது புராடக்ட்டை உருவாக்கி, வாடிக்கையாளரிடம் அடிக்கடி காட்டிக் கருத்துக் கேட்க வேண்டிய டீமுக்கு ஸ்க்ரமின் தாளமே பொருந்தும்.

எதற்கும் நாலு வாரம் குறித்துப் பாருங்கள்: முடித்த டிக்கெட்டுகளில் திட்டமிடாமல் வந்தவை எத்தனை? மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கான்பான் பக்கம் போகலாம் என்பது என் கணக்கு. ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் ஸ்க்ரமிலேயே இருங்கள், பிழைகளைப் பார்க்க வாரம் ஒருவரை முறைவைத்து ஒதுக்கிவிட்டு. நடுவில் இருப்பவர்கள் ஸ்பிரிண்ட் ரிவ்யூவையும் ரெட்ரோவையும் வைத்துக்கொண்டு, பாயின்ட்டை விட்டுவிட்டு, பலகையில் வரம்பு போடலாம்.