சங்கப் பாட்ட முழுசா படிக்க ரெண்டு இலவச தளம்: என்னோட ரிவ்யூ

பட்ஜெட் வந்தா ஒரு குறள், வெளிநாட்டுல பேச்சுன்னா ஒரு புறநானூறு, கட்சி மாநாடுன்னா கேக்கவே வேணாம். அரசியல்வாதிங்க பழைய பாட்ட எடுத்து பேசுறதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல, நல்லா பேசட்டும், ஆனா அவங்க சொன்ன அந்த ஒரு வரியோட நாமளும் நின்னுடுறோமே, அதுதான் உறுத்துது. மிச்ச பாட்ட படிக்க காசும் வேணாம், லாகினும் வேணாம். மதுரைத் திட்டம் (ப்ராஜெக்ட் மதுரைன்னு தேடினாலே வந்துடும்), அப்புறம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட நூலகம், இந்த ரெண்டையும் நான் ரொம்ப நாளா யூஸ் பண்றேன், அதப்பத்திதான் இந்த ரிவ்யூ.

மொதல்ல மதுரைத் திட்டம். 1998 பொங்கலப்போ ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்ன நின்னு நடத்த, உலகம் பூரா இருக்குற தன்னார்வலர்கள் ஒவ்வொரு நூலா டைப் பண்ணி, வேற சிலர் மெய்ப்பு பாத்து ஏத்தினாங்க. யாருக்கும் சம்பளம் கிடையாது. அவங்க வரிசையில மொத நூல் திருக்குறள். அப்போ யூனிகோட் தமிழ் பரவலா இல்லாததால டிஸ்கிங்கற பழைய தமிழ் எழுத்துரு முறையில போட்டத பின்னாடி யூனிகோடுக்கு மாத்தினாங்க, அந்த உழைப்ப நினைச்சா கைய எடுத்து கும்பிடத் தோணுது. முகப்புப் பக்கத்த அப்படியே வச்சுகிட்டா யாருக்கு வேணா காப்பி குடுக்கலாம்ங்கறதுதான் அவங்க கேக்குற ஒரே நிபந்தனை. பக்கம் ரொம்ப சாதாரணமா இருக்கும், படம் கலர் எல்லாம் இல்ல, அதனாலயே பழைய போன்லயும் சட்டுனு திறக்கும்.

இத வச்சு என்ன பண்ணலாம்னா, "யாதும் ஊரே யாவரும் கேளிர்" எடுத்துக்கோங்க. 2010 கோவை செம்மொழி மாநாட்டுப் பாட்டுல இருக்கு, 2019-ல ஐநா சபையில பிரதமர் சொன்னாரு, சுவத்துல பனியன்ல எல்லாம் இருக்கு. பாட்டு புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார், மொத்தமே 13 அடி. அடுத்த அடியே "தீதும் நன்றும் பிறர்தர வாரா", அதாவது கெட்டதும் நல்லதும் அடுத்தவன் குடுத்து வர்றதில்ல. அப்புறம் ஆத்து வெள்ளத்துல போற தெப்பம் மாதிரி உயிர் போகுதுன்னு சொல்லி முடிக்கிறப்போ "மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே"ன்னு முடியுது. பெரிய ஆளப் பாத்து வாயப் பொளக்க மாட்டோம், சின்னவங்கள இளக்காரமா பாக்குறது அதவிட மாட்டோம். கட்அவுட்டும் பாலபிஷேகமும் இருக்குற ஊர்ல இந்த கடைசி ரெண்டு அடிதான் மொதல்ல சுவத்துல எழுதியிருக்கணும்னு நான் மனசார நம்புறேன்.

அடுத்தது 184. 2019 ஜூலை பட்ஜெட்ல நிதியமைச்சர் யானை புகுந்த வயல்னு சொன்னாங்களே, அதுதான். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வசூலப்பத்தி சொன்ன பாட்டு. நெல்ல அறுத்து கவளமா குடுத்தா ஒரு மா (பழைய நில அளவு) கூட நிறையாத நிலம் பல நாளைக்கு யானைக்கு வரும், யானையே தனியா உள்ள புகுந்தா நூறு வயல் இருந்தாலும் வாயில போறதவிட கால்ல மிதிபட்டு கெடுறதுதான் அதிகம். இது வரைக்கும் நாடே கேட்டுச்சு. ஆனா பாட்டு அதுக்கப்புறம்தான் சூடாகுது: "வரிசை அறியாக் கல்லென் சுற்றமொடு"ன்னு வருது, தரம் தெரியாம சும்மா கூச்சல் போடுற கூட்டத்த பக்கத்துல வச்சுகிட்டு ராஜா ஈரமில்லாம வரிய பிடுங்க ஆசப்பட்டா அவனும் சாப்பிட மாட்டான், நாடும் கெட்டுப்போகும்னு முகத்துக்கு நேரா சொல்றாரு புலவர். எந்த கட்சி ஆட்சியா இருந்தாலும், டெல்லியா இருந்தாலும் சென்னையா இருந்தாலும், சுத்தி நிக்கிறவங்களப்பத்தின இந்த பகுதியத்தான் நாம கேட்டு வாங்கி படிக்கணும்.

இனி தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001 பிப்ரவரில தமிழ் இணையப் பல்கலைக்கழகமா தொடங்கி பின்னாடி இந்த பேருக்கு மாறுன அரசு நிறுவனம். மூலம் மட்டும் போதாது, அர்த்தம் புரியணும்னா இங்கதான் வரணும், உரையோட இருக்கு, தேடுற வசதியும் இருக்கு. இவங்களோடதே தமிழ் மின்னூலகம்னு 2017-ல வந்த இன்னொரு தளம், அதுல பழைய அச்சுப் புத்தகங்கள பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, நாட்டுடைமை ஆன நூல்களும் ஏராளமா கிடைக்கும். யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-ல கலித்தொகைய அச்சுல கொண்டுவந்தாரு, உ.வே.சா. 1894-ல புறநானூற கொண்டுவந்தாரு, ஏடு தேடி ஊர் ஊரா அலைஞ்ச அந்த உழைப்பெல்லாம் இன்னிக்கு பஸ்ல நின்னுகிட்டு போன்ல தொறந்து படிக்கிற அளவுக்கு வந்திருக்குன்னா அது சாதாரண விஷயமா?

எனக்கு ரொம்ப பிடிச்சது பாட்டுக்கு கீழ வர்ற கொளு, அதாவது யார் யாரப் பாடினாங்க, எதுக்குன்னு சொல்ற குறிப்புதான், மீம்ல அது வரவே வராது. புறநானூறு 35-ஆம் பாட்டு பாருங்க. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவன பாடி "பழஞ்செய்க்கடன் வீடுகொண்டது"ன்னு இருக்கும், வயலுக்கு இருந்த பழைய வரி பாக்கிய தள்ளுபடி வாங்கிட்டாருன்னு அர்த்தம். பாட்டுல சொல்றாரு, மழ பொய்ச்சாலும் விளைச்சல் கொறஞ்சாலும் உலகம் ராஜாவத்தான் திட்டும், அதனால கண்டவன் பேச்ச கேக்காம மாடு கட்டி உழுறவன் பாரத்த பாத்துக்கோன்னு. விவசாயக் கடன் தள்ளுபடி பத்தி டிவில சண்ட போடுற எல்லாரும் இத ஒரு தடவ படிச்சுட்டு பேசலாம். ராஜாகிட்ட போய் பரிசில் வாங்குற இடத்துல நின்னுகிட்டே இத கேட்ட தைரியம் எனக்கு இன்னிக்கும் பெருமையா இருக்கு.

ஒரு எச்சரிக்கை. சங்க இலக்கியம்னு போட்டு நெறைய ஆப் சுத்துது, பேர் வேணாம், நான் இறக்கின ஒண்ணுல பாட்டு நடுவுல விளம்பரம், சொல்ல தப்பா பிரிச்சு அர்த்தமே மாறிப்போச்சு, பாடினவர் பேரே இல்ல. வாட்சப்புல வர்ற "குறள்" பாதி குறளே கிடையாது, ஷேர் பண்றதுக்கு முன்னாடி மதுரைத் திட்டத்துல போட்டு தேடுங்க. அங்கயும் மனுஷங்க கையால டைப் பண்ணதுதான், ஒரு எழுத்துல சந்தேகம் வந்தா அச்சுப் பதிப்போட ஒப்பிட்டு பாத்துக்கறது நல்லது.

கடினமான சொல்லுக்கு சிகாகோ பல்கலைக்கழக தளத்துல சென்னைப் பல்கலைக்கழகத்தோட பழைய தமிழ் லெக்சிகன் இலவசமா இருக்கு, பக்கத்துல இன்னொரு டேப்ல தொறந்து வச்சுக்கோங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க அகநானூறுல தொடங்க வேணாம், வாக்கியம் நீளம், மூச்சு வாங்கும். புறநானூறுல 35, 184, 192 மூணும் மதுரைத் திட்டத்துல மூலமா படிச்சுட்டு, அப்புறம் கல்விக்கழகத்துல உரைய தொறங்க. பிளஸ் டூ புள்ளைங்க வீட்ல இருந்தா சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அகவல் ஓசை, அதாவது இந்த பாட்டுகளோட சந்தம், காதுல விழுந்தா பாதி அர்த்தம் தானா பிடிபடும்.