மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜ் குளிரவில்லை: பழுது பார்ப்பதா, கூலிங் யூனிட்டை மாற்றுவதா, கம்ப்ரசருக்கு மாறுவதா?

தங்கும் வசதியோடு கட்டப்பட்ட வண்டிகளான மோட்டார்ஹோம்களில் பல ஆண்டுகளாக இருந்துவரும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. பின்பக்கத்தில் இருக்கும் பாய்லரை கேஸ் சுடரோ மின்சார எலிமென்ட்டோ சூடாக்கும். அந்தச் சூட்டில் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்களுக்குள் சுற்றி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும். 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய ஏற்பாடு இது. அடிப்படை இன்றும் அதேதான். ஆகவே குளிர்ச்சி போனால் முதலில் பார்க்க வேண்டியது, கோளாறு சூடு கொடுக்கும் பக்கமா, அந்தக் குழாய்கள் அடங்கிய, சீல் வைத்த கூலிங் யூனிட்டிலா என்பதை. இரண்டுக்கும் ஆகும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கரண்டில் குளிர்கிறது, கேஸில் குளிரவில்லை என்றால் கூலிங் யூனிட் நன்றாக இருக்கிறது. பர்னரில் கரி, ஜெட்டில் அழுக்கு, இல்லையென்றால் கேஸ் அழுத்தம் குறைவு. கேஸில் சரி, கரண்டில் இல்லை என்றால் எலிமென்ட்டையோ ஃபியூஸையோ சந்தேகப்படலாம். இரண்டிலும் பாய்லர் நன்றாகச் சூடாகிறது, ஓர் இரவு முழுக்க ஓடியும் உள்ளே குளிர்ச்சி இல்லை என்றால்தான் கூலிங் யூனிட் போய்விட்டது என்று பேசலாம். பின்பக்கம் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி வந்தாலோ சோதனையே தேவையில்லை. அது கசிவு. உள்ளே ஹைட்ரஜனும் இருப்பதால் உடனே கேஸையும் கரண்டையும் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

சூடு கொடுக்கும் பக்கத்துக் கோளாறு என்றால் யோசிக்கவே வேண்டாம், பழுது பார்ப்பதுதான் மலிவு. ஒரு விஷயத்தில் மட்டும் பலர் வீணாகச் செலவழிக்கிறார்கள். கேஸில் ஓடும்போதும் கண்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும். பேட்டரி இறங்கிப்போனால் போர்டு தாறுமாறாக நடந்துகொள்ளும். போர்டை மாற்றுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். வெயிலில் மட்டும் குளிரவில்லை என்றால் பின்பக்கக் காற்றோட்டம் போதவில்லை. அங்கே ஒரு சின்ன விசிறி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூலிங் யூனிட் போனால்தான் உண்மையான கணக்கு ஆரம்பிக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி குளிர்விக்கும் கேஸை மறுபடி நிரப்பிக்கொள்ளும் வழி நடைமுறையில் இல்லை. யூனிட்டையே மாற்ற வேண்டும். புதிதாகவும் கிடைக்கும், பழையதைச் சரிசெய்து விற்பதும் கிடைக்கும். பெரிய ஃபிரிட்ஜ்களில் முழு ஃபிரிட்ஜை மாற்றுவதைவிட இது நன்றாகவே மலிவு. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சில பெரிய மாடல்கள் வண்டிக் கதவுக்குள் நுழையாது. ஜன்னலையோ முன்கண்ணாடியையோ கழற்றித்தான் எடுக்க வேண்டும், அந்தக் கூலியே தனிக்கதை. சின்ன மூன்றுவழி ஃபிரிட்ஜ் (கேஸ், 12 வோல்ட், வெளிக் கரண்ட் மூன்றிலும் ஓடுவது) என்றால் யூனிட் மாற்றும் கூலியையும் கூட்டிப் பார்த்தால் புதியதை வாங்குவதே மேல்.

ஆனால் யூனிட் ஏன் போனது என்று தெரியாமல் இன்னொன்றைப் போடுவதில் அர்த்தமில்லை. வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட்டினால் திரவம் குழாயில் தேங்கும், பாய்லர் வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிகமாகி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு போகாது. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் 3 டிகிரி, அதன் முன்பின்னாக 6 டிகிரி என்பது பல மாடல்களின் எல்லை. அப்புறம், அமெரிக்காவில் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2006இல் டொமெடிக் நிறுவனமும் 2010இல் நார்கோல்ட் நிறுவனமும் பல அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தன. பழைய ஃபிரிட்ஜில் பணம் போடுவதற்கு முன் சீரியல் எண்ணைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜில் இந்தத் தலைவலிகள் பெரும்பாலும் இல்லை. ஓரளவு சாய்வு பொருட்டே இல்லை, வெயிலிலும் தாக்குப்பிடிக்கும், சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். அப்சார்ப்ஷனுக்கு அரை நாளாவது வேண்டும். ஆனால் செலவு இங்கே பேட்டரிக்கு இடம் மாறுகிறது. கம்ப்ரசர் ஓடும்போது 40 முதல் 60 வாட் இழுத்தால், நாளுக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை கரண்ட் ஆகும். 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பதே சுமார் 1.28 யூனிட்தான். லெட்-ஆசிட் என்றால் அதில் பாதியைத்தான் தாராளமாக எடுக்கலாம். சோலார் இல்லாமல் காட்டில் நான்கு நாள் நிறுத்துபவருக்கு இது சரிப்படாது. அவருக்கு, நாளுக்குச் சில நூறு கிராம் கேஸில் சத்தமில்லாமல் ஓடும் பழைய முறைதான் இன்னமும் சிறந்தது. தினமும் வண்டி ஓட்டுபவருக்கும் கூரையில் பேனல் வைத்திருப்பவருக்கும் நான் கம்ப்ரசரைத்தான் சொல்வேன்.

இன்வெர்ட்டர் போட்டு வீட்டு ஃபிரிட்ஜை வைப்பதும் ஒரு வழி. அதே விலையில் கொள்ளளவு அதிகம். ஆனால் ஃபிரிட்ஜ் நின்றிருக்கும்போதும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கரண்ட் தின்னும், கதவுக்குத் தனியாகப் பூட்டு போட வேண்டும், குலுங்கும் வண்டிக்காக அது செய்யப்படவும் இல்லை. பெரும்பாலும் கரண்ட் இணைப்பு உள்ள இடத்தில் நிறுத்துபவருக்கு மட்டும் ஒத்துவரும்.

அதிகம் பேசப்படாத நடுவழி ஒன்று உண்டு: பழைய ஃபிரிட்ஜின் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கூலிங் யூனிட் இருந்த இடத்தில் கம்ப்ரசர் யூனிட்டைப் பொருத்துவது. சில பெரிய மாடல்களுக்குத் தயாராகவே கிட் கிடைக்கிறது. மர வேலையைத் தொட வேண்டாம், முன்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். ஃபிரிட்ஜுக்கு வந்த கேஸ் லைனை முறையாக அடைத்துக் கசிவு சோதனை செய்வதற்கான கூலியையும் அந்த எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.