பூனைக்குட்டி வாங்குறவங்க கவனம், எங்கள நல்லா ஏமாத்திட்டாங்க

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை பக்கம் பேஸ்புக்ல பார்த்து பர்சியன் குட்டி வாங்க நெனைக்கிறவங்க தயவு செஞ்சு இத வாசிங்க. எங்களுக்கு வித்தவரு நோயோட இருந்த குட்டிய தெரிஞ்சே தந்துட்டாரு, இப்ப மகளுக்கும் எனக்கும் படர்தாமரை.

குட்டியோட காதோரத்துல பத்து ரூபா காசு அளவுக்கு முடி இல்ல, தோல் செதில் செதிலா உதிர்ந்திச்சு. கேட்டதுக்கு "ஒண்ணுமில்லக்கா, விட்டமின் குறைவு, நல்லா சாப்பாடு குடுத்தா முளைச்சிரும்"னாரு. அவருகிட்ட முன்னாடி வாங்குன ஒருத்தங்க இதே பிரச்சினைய அவருக்கு போன்ல சொல்லியிருக்காங்க, அது எனக்கு பிறகுதான் தெரிய வந்திச்சு.

மகளோட கழுத்துல செவப்பா வட்டம் வட்டமா வந்திச்சு, ஓரம் தடிப்பா, நடுவுல தெளிவா, ராவெல்லாம் சொறிஞ்சுகிட்டே இருந்தா. பாமசியில பூனை இருக்குன்னு சொல்லியும் ஒரு கிரீம குடுத்தாங்க, பூசினதும் செவப்பு அடங்கிச்சு, அப்புறம் பார்த்தா தோள் வரைக்கும் பரவி, வட்டம்னே தெரியாத மாதிரி ஆகிருச்சு. தோல் டொக்டர் டியூப வாங்கி பார்த்துட்டு அதுல ஸ்டீரொய்ட் கலந்திருக்கு, அரிப்ப அமத்தும் ஆனா படர்தாமரைய உண்டாக்குற பங்கசுக்கு (பூஞ்சைக்கு) வசதி பண்ணி குடுக்கும்னு நிறுத்த சொல்லிட்டாரு. அதனால பாமசியில குடுக்குறத அப்பிடியே பூசாதீங்க.

மிருக வைத்தியர் ரூம இருட்டாக்கி ஒரு ஊதா லைட்ட காதுல அடிச்சாரு, முடியெல்லாம் பச்சையா மின்னிச்சு, எனக்கு பகீர்னு ஆகிருச்சு. மைக்ரோஸ்போரம் கேனிஸ்னு ஒரு பங்கஸ், எல்லா பூனைக்கும் இப்படி மின்னாது, சிலதுக்கு வெளிய ஒண்ணுமே தெரியாமலும் நோய் இருக்கும், அதனால முடிய புடுங்கி டெஸ்ட்டுக்கும் எடுத்தாரு. உதிர்ற முடியிலயும் செதில்லயும் உள்ள பங்கசோட வித்து, அதாவது அது பரவுற கண்ணுக்கு தெரியாத விதை, ஒரு வருஷத்துக்கு மேலயும் கெடக்குமாம். எங்க ஊரு மழையில பெட்சீட் காயவே காயாது, அதுல தெனமும் தொவைச்சு, கூட்டி, பிளீச் தண்ணில தரைய தொடச்சு செத்துட்டேன். குட்டிக்கு இட்ராகொனசோல் மருந்தும் பங்கஸ் ஷாம்புவும் ஓடுது, முடி வந்திட்டுதுன்னு இடையில நிறுத்தக் கூடாது, டெஸ்ட்ல இல்லன்னு வரணும்.

பாவம் குட்டி, அது மேல கோவமில்ல, சொகமாகுற நோய்தான், யாரும் ரோட்டுல விட்டுறாதீங்க.

வித்தவரு நம்பர பிளொக் பண்ணிட்டாரு, அதே தாய்ப்பூனையோட அடுத்த குட்டிகள போட்டோ போட்டு வித்துகிட்டு இருக்காரு. யாருகிட்ட வாங்கினாலும் காது, மூஞ்சி, கால் பக்கம் முடிய ஒதுக்கி வெளிச்சத்துல பாருங்க, சல்லி குடுக்க முன்னாடி மிருக வைத்தியர்கிட்ட காட்டணும்னு கேளுங்க, மாட்டேன்னா வாங்காதீங்க.