லென்ஸ் உள்ளே நுழைந்தால் போதாது: நீருக்கடியில் படமெடுக்க ஹவுசிங்கும் விளக்கும் வாங்குவோர் கவனத்திற்கு

என்னிடம் இருந்த ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கும் 16-35 மி.மீ. ஜூம் லென்ஸுக்கும் பொருத்தமான ஹவுசிங்கும் (கேமராவை நீர் புகாமல் மூடும் பெட்டி) விளக்கும் கேட்டபோது, ஃபிளாட் போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் தட்டைக் கண்ணாடிச் சன்னல்) மாட்டிய ஒரு ஹவுசிங்கையும் ஒரேயொரு வீடியோ விளக்கையும் ‘முழு செட்’ என்று விற்பனையாளர் கட்டிக் கொடுத்தார். இந்த லென்ஸுக்கு இந்தப் போர்ட் ஒத்துவருமா என்று நான் கேட்கத்தான் செய்தேன். “லென்ஸ் உள்ளே நுழைகிறதே, பிறகென்ன?” என்றார். நுழைந்தது உண்மைதான்.

முதல் முறை இறங்கி 16 மி.மீ.யில் எடுத்த படங்களில் நடுவிலிருந்த பவளம் மட்டும் தெளிவாக இருந்தது. ஓரத்து மீன்களோ வெளிப்பக்கமாக இழுபட்டு, உடலின் ஒரு விளிம்பில் நீலக் கோடும் மறு விளிம்பில் சிவப்புக் கோடுமாகத் தெரிந்தன. நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33 என்பதால், தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் பார்வை குறுகிவிடுகிறது. வெளியில் மூலைவிட்டமாக 107 பாகை பார்க்கும் என் லென்ஸ் நீருக்குள் ஏறத்தாழ 74 பாகைதான் பார்த்தது. சிறியவற்றை நெருக்கமாக எடுக்கும், குறுகிய கோணம் கொண்ட மேக்ரோ லென்ஸுக்கு அதே ஃபிளாட் போர்ட் மிகவும் ஏற்றது. ஆகவே பொருளில் குறையில்லை, அதை எனக்கு விற்றதில்தான் குறை.

முறையிட்டதும் தவறை ஒப்புக்கொள்ளாமல் கிண்ணம்போல் வெளியே குவிந்த ஒரு டோம் போர்ட்டைத் தனி விலைக்கு விற்றார். கோணம் திரும்பக் கிடைத்தது, மூலைகள் மட்டும் குழைந்தே இருந்தன. டோமின் வளைவு மையத்தில் லென்ஸின் நுழைவுத் துளை (முன்பக்கமிருந்து பார்க்கையில் தெரியும் லென்ஸ் துளையின் பிம்பம்) அமைய வேண்டும். அதற்கு லென்ஸுக்கேற்ற நீளத்தில் எக்ஸ்டென்ஷன் ரிங் (போர்ட்டை ஹவுசிங்கிலிருந்து முன்னே தள்ளும் வளையம்) தேவை. எந்த லென்ஸுக்கு எந்த ரிங் என்று ஹவுசிங் தயாரிப்பாளர்களே போர்ட் அட்டவணை வெளியிடுகிறார்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். மேலும், 10 செ.மீ. ஆரமுள்ள டோம் தொலைவிலுள்ள காட்சியையும் தனக்கு முன்னால் சுமார் 30 செ.மீ. தூரத்தில் மாய பிம்பமாகக் காட்டுவதால், அருகில் ஃபோகஸ் ஆகாத லென்ஸ் அதற்குப் பின்னால் பயனற்றது. சரியான ரிங்கைப் போட்டு, லென்ஸ் துளையை எஃப்/11-க்குச் சுருக்கிய பிறகே என் மூலைகள் தேறின.

விளக்கின் கதை இதைவிட மோசம். பெட்டியில் அச்சிட்ட லூமென் (ஒளி அளவு) எண்ணைக் காட்டியே விற்றார். அதைப் போர்ட்டுக்கு நேர் மேலே மாட்டியும் கொடுத்தார். லென்ஸுக்கு முன்னிருந்த துகள்கள் அத்தனையும் ஒளிர்ந்து, படம் முழுக்கப் பனி பெய்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. நீர் சிவப்பைத்தான் முதலில் உறிஞ்சுகிறது. அந்த நிறத்தை மீட்கவும் அசையும் மீனை உறையவைக்கவும் புகைப்படத்திற்கு வேண்டியது ஸ்ட்ரோப், அதாவது கணநேரம் பளிச்சிடும் நீரடி ஃபிளாஷ். அதுவும் இரண்டை நீண்ட கைகளில் பக்கவாட்டில் விலக்கி, சற்றுப் பின்னிழுத்து, வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, பொருளை ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனால், “தண்ணீரில் இறங்கிய பொருளை எடுப்பதில்லை” என்றார். தண்ணீரில் இறக்காமல் இந்தக் குறைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் சொல்லவில்லை.

வாங்கும் முன் உங்கள் லென்ஸின் முழுப் பெயர், அதற்குரிய போர்ட், ரிங்கின் நீளம் ஆகிய மூன்றையும் அட்டவணையில் நீங்களே பார்த்து, பில்லில் எழுதி வாங்குங்கள். ஸ்ட்ரோபை இயக்கும் ஃபைபர் ஆப்டிக் கேபிளுக்கு ஹவுசிங்கில் வழி உண்டா என்றும் கேளுங்கள், என்னுடையதில் இல்லை.