“நான் வேல செய்றனா, இல்லையா மிஸ்?”: பட்டதாரி முறைமையோடு நாலு வருடம்

மட்டக்களப்பில் என்னைப் போலவே தொழில் வழிகாட்டல் பிரிவில் இருக்கும் சிநேகிதி போன கிழமை வற்ஸ்அப்பில் கேட்டாள். “உங்கட பட்டதாரி சிஸ்ரம் எப்பிடியடி? இப்ப விலை குறைச்சுத் தாறாங்களாம். எங்கட ஆக்கள் வாங்கப் போறாங்கள் போல.” குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கி மூன்று தரம் அழித்துவிட்டேன். இது எழுதித்தான் தீரவேண்டிய கதை.

அந்தக் கணினி முறைமை என்ன செய்யும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டம் முடித்தவர் இப்போது எங்கே, என்ன செய்கிறார் என்று கேட்டு, திரட்டி, ஆண்டறிக்கைக்கு ஒரு வீதத்தைக் கொடுக்கும். திருகோணமலையில் எங்கள் நிறுவனத்துக்கு 2021இல் வந்தது. பெயர் வேண்டாம்.

தொடக்கத்தில் பட்ட பாட்டை நான் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் பழைய பட்டியல்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. யுனிகோட்டுக்குள் கொட்டினால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து விழும். ஒரு மாதம் உட்கார்ந்து மாற்றினோம். பிறகு பிறந்த திகதிப் பிரச்சினை. அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த திகதி, வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாக இருக்கும்; அது எல்லா வருடத்திலும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணும். கொம்பனிக்காரப் பெடியன் சுவர்க் கலண்டரைப் பார்த்து எண்ணியிருந்தான். நெட்டாண்டில் பிறந்தவர்கள் தப்பினார்கள். மற்ற வருடங்களில் மார்ச் முதலாம் திகதியிலிருந்து பிறந்த அத்தனை பேரும் ஒரு நாள் இளமையாகிவிட்டார்கள். சொன்னோம், இரண்டு நாளில் திருத்தினார்கள், காசு கேட்கவில்லை. அதை நான் மறைக்கக் கூடாது.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு பெட்டியின் மேல். ‘தற்போதைய தொழில் நிலை’. அழுத்தினால் ஐந்து தெரிவு விழும்: முழுநேரத் தொழில், பகுதிநேரத் தொழில், சுயதொழில், மேற்படிப்பு, வேலை தேடுபவர். ஒன்றைத்தான் தொடலாம். தொடாமல் அடுத்த பக்கம் போக விடாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தா. “மிஸ், நான் வேல செய்றனா, இல்லையா?” காலையில் பாலர் பாடசாலை, பின்னேரம் வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு, இரவில் அரச ஆட்சேர்ப்புப் பரீட்சைக்குப் படிப்பு. “உம்மாக்கிட்டக் கேட்டா வேல இல்லண்டுதான் சொல்லுவா.” தொகைமதிப்புத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டின்படி கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தாலே அவர் தொழிலில் இருப்பவர். ஆக, அரசாங்கத்துக்கு அவ வேலைக்காரி, உம்மாவுக்கு வேலையில்லாதவ, எங்கள் பெட்டியில் மூன்று தெரிவும் பொருந்தும். நான் சுயதொழில் என்று போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப நாளைக்கு அரச வேல குடுக்கக்குள்ள என்ட பேர விட்டுடுவாங்களா மிஸ்?”

அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2017இல் கிழக்கில் வேலையில்லாப் பட்டதாரிகள் நாட்கணக்காகத் தெருவோரம் இருந்ததை இந்த ஊர் பார்த்தது. 2020இல் அரசாங்கம் பயிலுநர் பட்டதாரிகளாக எடுத்து மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு கொடுத்தபோது, வேலையில்லை என்று பதிவில் இருந்ததுதான் பலருக்குக் கைகொடுத்தது. இங்கே ‘வேலை தேடுபவர்’ என்பது ஒரு வரிசையில் பிடித்து வைத்திருக்கும் இடம். அதை யாரும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பயிலுநர்கள் பயிற்சியில் இருந்த காலத்தில்தான் முறைமையும் வந்து சேர்ந்தது. பட்டியலில் ‘பயிலுநர்’ இல்லை. ஒரே பிரதேச செயலகத்தில் ஒரே மேசையில் இருந்த எங்கள் பழைய மாணவர் இருவரில் ஒருவர் முழுநேரம் என்று போட்டார், மற்றவர் வேலை தேடுபவர் என்று போட்டார். இரண்டும் உண்மை. அறிக்கையில் வந்த வீதம்தான் பொய்.

ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். “அது மாற்றக் கோரிக்கை மிஸ், தனி விலைமனு தரவேணும்.” கேள்விப் பத்திரத்தில் (டெண்டரில்) ‘தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடியது’ என்று அழகாகத்தான் எழுதியிருந்தோம். யார் மாற்றுவது, எத்தனை நாளில், யார் செலவில் என்று எழுதவில்லை. தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவில் நானும் இருந்தேன், கையெழுத்தும் என்னுடையது. சேர்வர் விழுந்தால் என்ன, தரவு அழிந்தால் என்ன என்று ஆபத்துகளுக்கு இரண்டு பக்க அட்டவணை போட்டவர்கள் நாங்கள். பட்டியலின் சாவி யாரிடம் என்ற வரி அந்த இரண்டு பக்கத்திலும் இல்லை.

அதைவிட மோசம், புது விடை வந்தால் பழையது அழிந்துவிடும். உப்புவெளியில் ஒரு தம்பி, மே தொடக்கம் செப்ரெம்பர் வரை சுற்றுலாக்காரரைப் படகில் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போவார். ஜூலையில் கேட்டால் சுயதொழில். வாடைக்காற்று தொடங்கினால் வேலை தேடுபவர். டிசம்பரில் அறிக்கை எடுத்த வருடம் அவர் வேலையில்லாப் பட்டதாரி. பிரித்தானியாவில் முன்பு பட்டம் முடித்து ஆறு மாதத்தில் கேட்டார்கள், இப்போது 15 மாதம் பொறுத்துக் கேட்கிறார்கள். அதிலும் செய்கிற எல்லாவற்றையும் குறிக்கவிட்டு, பிறகு எது பிரதானம் என்று கேட்கிறார்கள். எங்களுக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆகவே பழைய எக்செல் பதிவை நான் மூடவில்லை. ஒரு வருடம் மட்டும் சமாந்தரமாக வைத்திருப்பதாக ஒப்பந்தம், நாலு வருடமாக வைத்திருக்கிறேன். யார் எப்போது என்ன சொன்னார் என்று அதில் ஒவ்வொரு வரியாக இருக்கிறது. இரட்டை வேலை என்று கணக்குப் பகுதி ஐயா முறைப்பார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே 2000இல் புதுக் கணக்கு முறைமைக்கு மாறி நாறி, அடுத்த வருடம் விசாரணை அறிக்கை வாங்கியது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். “அது கேம்பிரிட்ஜ், இது திருமலை” என்றார். என்ன கருத்தில் சொன்னார் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இனி நல்லது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அலுவலகக் கணினி எல்லாம் செத்துக் கிடந்தது. நான் முறைமை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் படிவம் போனில் திறந்தது, சின்னச் சிக்னலிலும் திறந்தது. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டு எங்கள் பட்டதாரிகள் நிரப்பி அனுப்பினார்கள். ஒருவர் குறிப்புப் பெட்டியில் ‘மிஸ், எனக்கு முன்னால் இன்னும் 60 மோட்டார்சைக்கிள்’ என்று எழுதியிருந்தார். அதே குறிப்புப் பெட்டிதான் இந்த முறைமையில் எனக்குப் பிடித்த இடம். எந்தப் பட்டியலுக்கும் அடங்காததை எல்லாம் அதில் எழுதுவார்கள். அறிக்கை மட்டும் அதை எடுக்காது.

கட்டாரில் இருக்கும் பிள்ளைகளின் பெறுபேற்றுச் சான்றிதழ் கோரிக்கையும் இதன் வழியே வருகிறது. முன்பு தகப்பன்மார் மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ‘சேர் இல்லை, நாளைக்கு வாங்கோ’ என்று கேட்டுத் திரும்புவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. இதற்காகவே கொடுத்த காசு தகும் என்று சில நாள் தோன்றும்.

போன செவ்வாய் பட்டியலைத் திருத்திவிட்டதாகக் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல். நாலு வருடத்துக்குப் பிறகு, இலவசமாக! ஓடிப்போய்த் திறந்தேன். ஆறாவதாக ஒரு வரி: ‘மற்றவை’. அதை ஆறாவதாக வைத்திருந்தாலும் பரவாயில்லை. வரிசை தவறிப்போய் முதல் வரியாக ஏறி, தானாகவே தெரிவாகி நிற்கிறது. வெள்ளிக்கிழமை பார்த்தபோது அந்தக் கிழமை நிரப்பிய எல்லோரும் மற்றவை. கிண்ணியாப் பிள்ளையும் மற்றவை. உப்புவெளித் தம்பி சீசனில் கடலில் நிற்கிறார், அவரும் மற்றவை.

சிநேகிதிக்கு என் பதில்: வேண்டாமடி, பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். எங்கள் ஒப்பந்தம் இந்த மாதம் புதுப்பிக்க வருகிறது. அதில் நான் ‘தொடரலாம்’ என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூதூரிலிருந்து திரும்பவும் ஒரு தகப்பனை பஸ் ஏற்ற எனக்கு மனமில்லை.